பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கும் என் தம்பியின் மாத்திரையும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் பகுதியில் ஒரு தந்தை எழுதியிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தன் மகன் வகைக்கெழுச் சமன்பாடுகளோடு (ஓர் அளவு எந்த வேகத்தில் ஏறும், இறங்கும் என்று சொல்லும் கணக்குகள்) படும் பாட்டைச் சொல்லி, "இந்தக் கணக்கைப் போட்டு எந்தக் கடையில் உப்பும் புளியும் வாங்கப் போகிறான்?" என்று கேட்டிருந்தார். முப்பத்தோரு ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்தி ஓய்வுபெற்றவள் நான். இதே கேள்வியை என் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்டார்கள். நான் ஒருமுறைகூட நல்ல பதில் சொன்னதில்லை. பதில் எனக்குக் கிடைத்தது ஓய்வுக்குப் பிறகு, என் தம்பியின் மாத்திரை வழியாக. கடிதம் சற்று நீளமாகும். இடம் போதாவிட்டால் குடும்பக் கதையைக் குறைத்துக்கொள்ளுங்கள், எண்களைக் குறைக்காதீர்கள்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில், கேரளப் பக்கம் இருக்கிறது. வீட்டிலும் கடையிலும் பேச்சு தமிழ்தான். என்னைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். வேலை பார்த்ததும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில். கணவர் காலமான பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டேன். தம்பி தென்னந்தோப்பும் மூன்று ஏக்கர் நிலக்கடலைக் காடும் வைத்திருக்கிறான். சித்தூர் வட்டத்தில் பலர் செய்வதுபோல, தோப்பில் ஒரு பகுதியைக் கள் இறக்கக் குத்தகைக்கு விட்டிருக்கிறான். ஆனால் அவன் கள்ளை வாயில் வைத்ததில்லை. எங்கள் அப்பாவைக் குடிக்குக் கொடுத்த வீடு எங்கள் வீடு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தம்பிக்குத் தலையில் அடிபட்டது. ஆறு மாதம் கழித்து வலிப்பு வந்தது. கோவையில் ஒரு மருத்துவர் ஃபெனிட்டாயின் என்ற மருந்தை எழுதிக்கொடுத்தார். 100 மில்லிகிராம் மாத்திரை, இரவில் மூன்று. ஓராண்டுக்கும் மேலாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. பிறகு கடலை பறிப்பு வந்தது. காவலுக்காகக் காட்டுச் சாளையில் படுத்தவன் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டான். ஐந்தாறு இரவுகள் அப்படிப் போயின. அறுவடை முடிந்த கையோடு வலிப்பு வந்துவிட்டது.

மருத்துவரைப் பார்க்கப் பத்து நாள் கழித்துத்தான் முறை கிடைத்தது. அந்தப் பத்து நாளும் மூன்று மாத்திரையை நானே எண்ணிக் கொடுத்தேன். மருத்துவர், "மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டபோது தம்பி தலையாட்டினான். காட்டில் விட்டுப்போன இரவுகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கும் அது தெரியாது. ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு வந்திருக்கிறது என்று எண்ணிய மருத்துவர் மூன்றை நான்காக்கினார். கேட்டதை வைத்து அவர் முடிவு செய்தார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

அன்று முதல் இரவு நான்கு மாத்திரை, என் கையால். ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள், நாளிதழின் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றான். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். பதினேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் மகளைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து வந்தார்கள். வாசலில் கைகூப்பி வரவேற்கப் போனவன் படியிறங்கும்போது தள்ளாடி, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டான். "வாருங்கள்" என்ற சொல்லே குழறி வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அவனையும் பார்த்தார், வீட்டுக்குப் பின்னால் பாளையில் கட்டியிருந்த கலயங்களையும் பார்த்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். "கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அன்று சாயங்காலம் தம்பி மகள் என்னிடம் வந்து, "அத்தை, அப்பா எப்போதிலிருந்து குடிக்கிறார்?" என்று கேட்டாள். பெற்ற மகளுக்கே ஐயம் வந்துவிட்டது. இரவு அவன் என் அருகில் வந்து உட்கார்ந்து, "அக்கா, என் வாயை முகர்ந்து பார்" என்றான். ஐம்பத்திரண்டு வயது ஆண் அப்படிச் சொல்லிக் கேட்டதை இந்த வயதிலும் என்னால் தாங்க முடியவில்லை.

மாத்திரையால்தான் இந்த மயக்கம், அடியோடு நிறுத்திவிடுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாங்களாக நிறுத்தாமல் இருந்தது எங்கள் நல்ல காலம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு நாள் கழித்து வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் ஒரு விரலைத் தம்பியின் முகத்துக்கு முன்னால் இடமும் வலமும் நகர்த்தினார். அதைத் தொடர்ந்த கருவிழிகள் ஓரத்துக்குப் போனதும் துடித்தன. "இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்போம்" என்றார். மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டியது, 33 இருந்தது. பொதுவாக 20-ஐத் தாண்டினால் கண் துடிக்கும், 30-ஐத் தாண்டினால் நடை தள்ளாடும் என்று விளக்கினார்.

மூன்று மாத்திரை நான்காகியிருக்கிறது. கூடியது மூன்றில் ஒரு பங்கு. முன்பு 10 இருந்தது என்று வைத்துக்கொண்டால், இரத்தத்தில் அளவோ மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. ஊர் போய்ச் சேரும் வரை பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மாத்திரையை எண்ணிக் கொடுத்தவள் நான். எங்கே தவறினேன் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

நான் வகுப்பில் நடத்திய கணக்கு இப்படிப் போகும். இருக்கும் அளவு எவ்வளவோ, குறையும் வேகமும் அதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். கதிரியக்கப் பொருள் சிதைவது அப்படி, சூடான காபி ஆறுவதும் அப்படி. மருந்துகளில் பலவும் இந்த விதிக்கே கட்டுப்பட்டவை. பாராசிட்டமால் இரத்தத்தில் பாதியாக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். மீதியில் பாதி போக மறுபடி அதே நேரம். இதுதான் அரை ஆயுட்காலம். இப்படிப்பட்ட மருந்தில் மாத்திரையை மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் அளவும் மூன்றில் ஒரு பங்குதான் கூடும். உடலுக்குள் மருந்து நுழைவதையும் பரவுவதையும் வெளியேறுவதையும் வகைக்கெழுச் சமன்பாடுகளாக முதலில் விரிவாக எழுதிக்காட்டியவர் சுவீடன் நாட்டு டார்ஸ்டன் டியோரெல், 1937-இல். ஜெர்மனியின் டோஸ்ட் என்ற குழந்தை மருத்துவர் 1953-இல் இந்தத் துறைக்குப் பெயர் சூட்டினார். இதை நம்பி நான் போட்ட மனக்கணக்கில் தம்பியின் அளவு 10-லிருந்து 13-ஐக் கொஞ்சம் தாண்டி நின்றிருக்க வேண்டும். 33-க்கு அங்கே இடமே இல்லை.

மருத்துவம் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, ஃபெனிட்டாயினுக்கு வேறு சமன்பாடு என்று தொலைபேசியில் சொன்னாள். அதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். 2017-இல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் நின்ற வரிசை எங்கள் பக்கத்தார் எல்லாருக்கும் நினைவிருக்கும். நான்கைந்து லாரிகள் வந்தால் உடனுக்குடன் போய்விடும். இரண்டு மடங்கு வந்தாலும் சமாளிப்பார்கள். ஆனால் எல்லா மேசையிலும் ஆள் நிறைந்துவிட்ட பிறகு எத்தனை லாரி வந்தாலும் ஒரு மணி நேரத்தில் விடக்கூடியது அதே எண்ணிக்கைதான். அதற்குமேல் ஒரு மணிக்குப் பத்து லாரி கூடுதலாக வந்தால் அந்தப் பத்தும் வரிசையில்தான் சேரும். வரிசை நீண்டுகொண்டே போகும். ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிக்கு (என்சைம்) இந்த நிலைமை, நாம் சாப்பிடும் வழக்கமான அளவிலேயே வந்துவிடுகிறது.

நொதி வேலை செய்யும் வேகத்துக்கான இந்தச் சமன்பாட்டை 1913-இல் பெர்லினில் எழுதியவர்கள் லியோனார் மைக்கேலிஸ், மாட் மென்டன் இருவரும். மாட் மென்டன் கனடாவிலிருந்து ஆராய்ச்சிக்காகக் கடல் கடந்து வந்த பெண் மருத்துவர். முப்பத்தோரு ஆண்டுகளில் எத்தனையோ பெண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். இந்தப் பெண்மணியின் பெயரை ஒருமுறையும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம்.

இனி எண்கள். பெரியவர்களுக்கான சராசரியாக மருத்துவப் பாடநூல்கள் தருவதை எடுத்துக்கொண்டேன். கல்லீரல் ஒரு நாளில் சிதைக்கக்கூடிய உச்ச அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 7 மில்லிகிராம். தம்பி 60 கிலோ, எனவே 420. நொதி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டுவது, இரத்தத்தில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் இருக்கும்போது. மருந்து பரவி நிற்கும் உடற்கொள்ளளவு ஏறக்குறைய 40 லிட்டர். (லிட்டருக்கு மில்லிகிராம் என்பதும் மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்பதும் ஒரே எண்தான். மாத்திரையில் இருப்பது மருந்தின் சோடியம் உப்பு; அதற்கான சிறு திருத்தத்தை விட்டுவிடுகிறேன்.) இரத்தத்தில் உள்ள அளவை 'அ' என்போம். நாளொன்றுக்கு வெளியேறுவது 420 × அ ÷ (4 + அ). உள்ளே போவதும் வெளியேறுவதும் சமமாகும்போது அளவு நிலைகொள்ளும்.

நாளுக்கு 300 மில்லிகிராம் கொடுத்தால் அளவு 10-இல் நிலைகொள்கிறது. 350 கொடுத்தால் 20. 400 கொடுத்தால் 80! கூட்டியது இரண்டு முறையும் 50 மில்லிகிராம்தான். முதல் ஐம்பது அளவை இரட்டிப்பாக்குகிறது. அடுத்த ஐம்பது நான்கு மடங்காக்குகிறது. ஒரு மாத்திரைதானே என்று நான் எண்ணிக் கொடுத்த நான்காவது மாத்திரை இதைத்தான் செய்தது. கடையில் 50 மில்லிகிராம் மாத்திரையும் ஏன் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

80-ஐ எட்டும் முன்பே நாங்கள் மருத்துவரிடம் போய்விட்டோம். அப்படியானால் 30-ஐ எட்ட எத்தனை நாள்? இங்கேதான் நான் நடத்திய பாடம் முழுதாகக் கைகொடுத்தது. நாளொன்றுக்கு 400 உள்ளே போகிறது. அதிலிருந்து வெளியேறுவதைக் கழித்து 40-ஆல் வகுத்தால், அளவு ஒரு நாளில் எவ்வளவு ஏறும் என்பது கிடைக்கும். சுருக்கினால் (80 − அ) ÷ (8 + 2அ) என்று வருகிறது. மாறிகளைப் பிரித்து, பின்னத்தை உடைத்து, தொகையிட வேண்டியதுதான் பாக்கி. பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. அளவு 10-லிருந்து 20-க்கு ஏற, 2 × (84 × இயல் மடக்கை 7/6 − 10) நாள், அதாவது 5.9 நாள். 20-லிருந்து 30-க்கு ஏற மேலும் 10.6 நாள். இரண்டையும் கூட்டினேன். பதினாறரை நாள்.

பதினேழாம் நாள்தான் அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள்.

அந்த விடையின் கீழே கோடு இழுத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பரிசோதனை செய்த பத்தொன்பதாம் நாளுக்கு என் கணக்கு 32 என்றது. ஆய்வகம் 33 என்றது. இவ்வளவு நெருங்கி வந்தது தற்செயல். சராசரி எண்கள் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். அதனால்தான் இந்த மருந்துக்கு இரத்தப் பரிசோதனையே வேண்டியிருக்கிறது. என்னைப் போல் நோட்டில் கணக்குப் போட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஆனால் வளைகோட்டின் வடிவம் தற்செயல் அல்ல. ஒரு வாரம் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு ஏறி, நிற்காமல் மேலும் ஏறும் என்பதை அந்தச் சமன்பாடு முன்கூட்டியே சொல்கிறது. 'கூட்டிய மாத்திரை ஒத்துக்கொண்டது' என்று நான் நிம்மதியாக இருந்த முதல் வாரத்தை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

கள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவீடனின் எரிக் விட்மார்க், மது அருந்தியவரின் இரத்தத்தில் அது மணிக்கு ஏறக்குறைய ஒரே அளவாக, நேர்கோட்டில் குறைவதை அளந்து காட்டியவர். மதுவைச் சிதைக்கும் நொதியின் மேசைகள் முதல் ஒன்றிரண்டு குவளையிலேயே நிறைந்துவிடுகின்றன. அந்த நேர்கோட்டுக்கும் தம்பியின் வளைகோட்டுக்கும் மூலம் ஒரே சமன்பாடு. மது, ஃபெனிட்டாயின் இரண்டுமே அளவு மீறினால் சிறுமூளையைத் தாக்கித்தான் நடையையும் நாவையும் குழப்புகின்றன. எனவே, குடித்தவன் போல இருந்தான் என்று ஊரார் கண்டது பொய்யான காட்சி இல்லை. அதற்கு இன்னொரு காரணமும் இருக்க முடியும் என்பதுதான் அங்கிருந்த ஒருவருக்கும், எனக்கும்கூட, தெரியவில்லை.

நான் கேட்பது இதுதான். நம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் கதிரியக்கச் சிதைவு இருக்கிறது, குளிரும் பொருள் இருக்கிறது, தொட்டியில் கரையும் உப்பு இருக்கிறது. அவற்றோடு மனித உடலில் ஏறி இறங்கும் மருந்தையும் சேருங்கள். புதிதாக ஒரு சூத்திரமும் வேண்டாம். தொட்டியில் உப்பு என்பதை உடலில் மாத்திரை என்று மாற்றினால் முதல் கணக்கு வந்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அடுத்ததாக ஃபெனிட்டாயினைக் கொடுக்கலாம். இதற்குப் பாடநூல் மாறும் வரை காத்திருக்க வேண்டாம் என்று பணியில் இருக்கும் கணித ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் சர்க்கரைக்கோ இதயத்துக்கோ தைராய்டுக்கோ மாத்திரை சாப்பிடும் ஒருவர் இல்லாத மாணவர் இன்று வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்? தைராய்டு மாத்திரையின் அரை ஆயுள் ஏறக்குறைய ஏழு நாள். அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்துப் பரிசோதிக்கச் சொல்கிறார்களே, பாட்டிக்கு ஏன் அவ்வளவு நாள் என்று ஒரு பிள்ளை தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தால், அதற்குப் பிறகு அந்தப் பாடத்தைப் பார்த்து அது பயப்படாது.

எல்லையோரத்தில் இருப்பவள் என்பதால் இன்னொன்று. மருத்துவர் கோவையில், மருந்துக்கடை கேரளத்தில், காகித உறையில் எழுதுவது மலையாளத்தில் அல்லது ஆங்கிலத்தில், சாப்பிடுபவர் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர். எங்கள் பக்கம் பல வீடுகளில் நிலைமை இதுதான். "மாத்திரை விட்டுப்போனால் இரட்டிப்பாகச் சாப்பிட வேண்டாம், விட்டுப்போனதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்" என்ற இரண்டு வரியை அந்த உறையில் தமிழிலும் அச்சிட்டுக் கொடுக்கும்படி இரு பக்கத்து மருந்துக் கடைக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன். தம்பி அந்த ஐந்தாறு இரவுகளைச் சொல்லியிருந்தால் நான்காவது மாத்திரைக்கே தேவை வந்திருக்காது. திட்டுவார்களோ என்ற பயம்தான் அவன் வாயை அடைத்தது.

இப்போது அவன் நன்றாக இருக்கிறான். மறுபடி மூன்றே மாத்திரை. கடைசிப் பரிசோதனையில் 12. நடை நேராகிவிட்டது, எழுத்து ஒன்றாகத் தெரிகிறது. பொள்ளாச்சி வரன் போனது போனதுதான். மகள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அன்று இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

கேள்வி கேட்ட அந்தத் தந்தையின் மகனுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். அளவு 33 என்று தெரிந்ததும் மருத்துவர் தம்பியை மருத்துவமனையிலேயே படுக்கவைத்து, தன் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்தி, அளவு 15-க்கு இறங்கிய பிறகு மூன்று மாத்திரையைத் தொடங்கினார். உள்ளே போவது பூச்சியம். வேண்டிய மற்ற எண்கள் எல்லாம் மேலே இருக்கின்றன. 33-லிருந்து 15-க்கு இறங்க எத்தனை நாள் ஆகும்? உன் விடையை இந்த நாளிதழ் வழியாக எனக்கு எழுது, தம்பி. என் தம்பி அங்கே எத்தனை நாள் படுத்திருந்தான் என்று பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை அருகில், பாலக்காடு மாவட்டம்.

(தம்பி மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)